கட்டைவிரலால் மவுஸ் பிடிக்கலாமா? – கேம் கேள்வி பதில்

'ஸ்டீம்' என்கிற கணினி கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் புது ஸ்டீம் கண்ட்ரோலரை அறிவித்தாலும் அறிவித்தது, அதில் இருக்கும் டிராக்பேட் (விரலால் தேய்த்துக் கர்சரை நகர்த்தும் பரப்பு) பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே இடம். கிராஃபிக்ஸ் கார்டு விலை எப்போது இறங்கும் என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம். (இறங்காது என்பதுதான் பதில், ஆனாலும் விரிவாகச் சொல்கிறேன்.)

ஓ.எம்.ஆரில் வேலை. பகல் முழுக்க மேசை, நாற்காலி. ராத்திரி கேம் ஆடவும் அதே நாற்காலியா என்று வெறுத்துப்போய் லேப்டாப்பை டி.வி.யில் இணைத்துவிட்டேன். கார் ரேஸ், ஃபுட்பால் எல்லாம் சாதாரண கண்ட்ரோலரில் நன்றாக ஓடுகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது சிவிலைசேஷன் 6 மாதிரி மவுஸ் கேம்கள்தான். டிராக்பேட் இருந்தால் அதையும் சோபாவில் சாய்ந்துகொண்டே ஆடலாம் என்கிறார்களே, நிஜமா?
*– வேளச்சேரி வாசகர்*

நிஜம்தான். அந்தச் சாதனத்தைச் செய்ததே உங்களை மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான்.

சாதாரண கண்ட்ரோலரின் ஸ்டிக்கால் கர்சரை நகர்த்திப் பார்த்திருப்பீர்கள், எரிச்சலாக இருந்திருக்கும். காரணம், ஸ்டிக் வேகத்தைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. வலது பக்கம் சாய்த்தால் கர்சர் வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கும், வேண்டிய இடம் வந்ததும் நீங்கள்தான் விட வேண்டும், விடுவதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். டிராக்பேடில் விரல் எவ்வளவு நகர்கிறதோ அந்த அளவுக்குத்தான் கர்சர் நகரும். விரல் நின்றால் அதுவும் நிற்கும். மவுஸ் செய்கிற வேலையும் இதேதான்.

2013 செப்டம்பரில் வால்வ் தன் பழைய ஸ்டீம் கண்ட்ரோலரை முதன்முதலாகக் காட்டியபோது அதில் ஸ்டிக்கே கிடையாது, இரண்டு பெரிய வட்ட பேடுகளும் நடுவில் ஒரு தொடுதிரையும்தான். பிறகு நிறைய மாறி, 2015 நவம்பரில் கடைக்கு வந்தபோது தொடுதிரை போய் இடது பக்கம் ஒரு ஸ்டிக் வந்திருந்தது. பேடுகள் இரண்டும் தப்பித்துக்கொண்டன. அன்றைய விலை ஏறத்தாழ 50 டாலர். பேடுக்கு அடியில் சின்ன அதிர்வு மோட்டார் போன்ற ஒன்று இருக்கிறது, விரல் நகர நகர அது நுணுக்கமாகத் தட்டிக்கொண்டே வரும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் விரலை ஓட்டும்போது எவ்வளவு தூரம் போனோம் என்று கைக்குத் தெரியாது அல்லவா, அந்தக் குறையை இந்தத் தட்டல் தீர்க்கிறது. கையில் எடுக்காமல் இதைப் படித்தால் விளம்பர வசனம் மாதிரித்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

சிவிலைசேஷன் 6-க்கு என் சிபாரிசு இது: வலது பேட் மவுஸ். வலது ட்ரிகர் இடது கிளிக், இடது ட்ரிகர் வலது கிளிக் (குழப்பமாகத்தான் இருக்கும், ஆனால் ஆள்காட்டி விரலால் கிளிக் செய்கிற பழக்கம் சீக்கிரமே வந்துவிடும்). இடது பேடில் விரலை வட்டமாகச் சுற்றினால் ஸ்க்ரோல் சக்கரம் சுழலும்படி வைத்தால் வரைபடத்தை ஜூம் செய்துகொள்ளலாம். ஸ்டிக்கில் அம்புக்குறி விசைகள். பின்பக்க பட்டன் ஒன்றில் என்டர் விசையை வையுங்கள், அடுத்த டர்னுக்குப் போவது அதில்தான், அந்தக் கேமில் நீங்கள் அதிகமாக அழுத்தப்போவதும் அதைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று நீங்கள் அழுத்துவதற்கு நான் பொறுப்பில்லை.

'டிராக்பால் மோடு' என்று ஒன்று உண்டு, அதை அணைக்க வேண்டாம். விரலைச் சுண்டிவிட்டு எடுத்தால், உருட்டிவிட்ட பந்து மாதிரி கர்சர் கொஞ்ச தூரம் தானே ஓடி நிற்கும். பெரிய டி.வி. திரையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக, சின்ன பேடில் நான்கு முறை தேய்ப்பதற்குப் பதில் ஒரே சுண்டு போதும்.

இரண்டு விஷயங்களை டி.வி. பக்கமும் கவனியுங்கள். ஒன்று, டி.வி.யில் 'கேம் மோடு' போடுங்கள். இல்லாவிட்டால் படத்தை அழகாக்குகிறேன் என்று டி.வி. எடுத்துக்கொள்கிற நேரத்தில் கர்சர் விரலுக்குப் பின்னால் இழுபடும், பழியெல்லாம் கண்ட்ரோலர் மேல் விழும். இரண்டாவது, கண்ட்ரோலரின் டாங்கிளை (கம்பியில்லாமல் அதோடு பேசும் சின்ன யூ.எஸ்.பி. துண்டு) லேப்டாப்பின் பின்னால் ஒரு யூ.எஸ்.பி. 3 துளையில் செருகி, பக்கத்திலேயே ஹார்டு டிஸ்க்கையும் மாட்டி வைக்காதீர்கள். யூ.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது எழுகிற மின்சத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும், டாங்கிள் பேசுவதும் அந்த அலைவரிசையில்தான். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, சோபாவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் டாங்கிளை வையுங்கள்.

அண்ணா, நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஷூட்டிங் கேம்தான் ஆடுவேன். டிராக்பேட் கண்ட்ரோலர் வாங்கினால் மவுஸ் வைத்து ஆடுகிறவர்களை அடிக்க முடியுமா? வேலரன்ட்டில் யூஸ் பண்ணலாமா?
*– பெரம்பூர் வாசகர்*

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். கணினியில் வேலரன்ட் கண்ட்ரோலரை ஏற்பதே இல்லை. 2024-ல் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸுக்கு வந்த வேலரன்ட் தனி, அவர்களையும் கணினிக்காரர்களையும் ஒரே ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. கண்ட்ரோலருக்கு மவுஸ் வேடம் போட்டு உள்ளே நுழைக்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கே ஆன்டி-சீட் (ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள். அக்கவுன்ட் உன்னுடையது.

முதல் கேள்விக்கு வருவோம். பேடை மட்டும் நம்பி இறங்கினால் நல்ல மவுஸ்காரனிடம் தோற்பாய். மவுஸை நகர்த்துவது முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் சேர்ந்து. இங்கே ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் நான்கைந்து சென்டிமீட்டர் இடத்துக்குள். திரும்பிப் பார்க்க அது போதும், தலையைக் குறிவைக்கப் போதாது.

குறி வைப்பதை கைரோவிடம் விட வேண்டும், இந்த விஷயத்தின் சாரமே அதுதான். கண்ட்ரோலருக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சில்லு, கையை எவ்வளவு சாய்க்கிறாய், எந்தப் பக்கம் திருப்புகிறாய் என்பதை உணர்கிறது. பேடால் எதிரி இருக்கிற பக்கம் திரும்பு, மிச்சமிருக்கிற அந்த அரை விரல் தூரத்தைக் கண்ட்ரோலரையே லேசாகத் திருப்பிச் சரிசெய். கேரமில் ஸ்ட்ரைக்கரை நகர்த்தி வைப்பது ஒரு வேலை, சுண்டுவது இன்னொரு வேலை இல்லையா, உங்கள் பெரம்பூர் பக்கம் இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. பேட் முதல் வேலையைச் செய்யட்டும், கைரோ இரண்டாவதை.

கைரோ எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் தும்மினாலும் திரை ஆடும். அதனால் வலது பேடில் விரல் பட்டிருக்கும்போது மட்டும் கைரோ இயங்கும்படி வை. விரலை எடுத்தால் கைரோ நின்றுவிடும், கையை வசதியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி தொடலாம். மேசை விளிம்பு வந்ததும் மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கிறோமே, அதே காரியம். பேடில் முழு அகலத்துக்கு ஒரு தடவை தேய்த்தால் கேமில் அரை வட்டம் திரும்புகிற மாதிரி சென்சிட்டிவிட்டியை வைத்து ஆரம்பி, பிறகு உன் கைக்குத் தகுந்தபடி மாற்று. விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்பதையும், கேமுக்குள் மவுஸ் ஆக்சிலரேஷன் இருந்தால் அதையும் அணைத்துவிடு. இல்லாவிட்டால் இன்று வந்த குறி நாளைக்கு வராது.

கைரோ எல்லாம் சும்மா விளையாட்டு என்று உன் நண்பர்கள் சிரிக்கலாம். நின்டெண்டோவின் ஸ்பிளட்டூன் 2015-ல் வந்ததிலிருந்து, அதில் நன்றாக ஆடுகிறவர்கள் கைரோவில்தான் குறி வைக்கிறார்கள். ஜிப் ஸ்மார்ட் என்கிற டெவலப்பர் 'ஃபிளிக் ஸ்டிக்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஸ்டிக்கை எந்தத் திசையில் தள்ளுகிறாயோ அந்தத் திசைக்கு ஆள் உடனே திரும்பிவிடுவான், மிச்சத்தைக் கைரோ பார்த்துக்கொள்ளும். ஸ்டீம் செட்டிங்கிலேயே இருக்கிறது, பேடிலும் போட்டுப் பார்க்கலாம். முதல் வாரம் தலை சுற்றும், சொல்லிவிட்டேன்.

கதை உள்ள கேம்கள், கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுவது, நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது, இதற்கெல்லாம் பேடும் கைரோவும் சேர்ந்தால் ஸ்டிக்கை விட எனக்கு இதுவே பிடிக்கும். ரேங்க் ஏற வேண்டும் என்றால் மேசைக்குப் போய் மவுஸைப் பிடி.

டிராக்பேடில் டோட்டா 2 ஆடலாமா?
*– கொளத்தூர் வாசகர்*

ஆடலாம். ஆனால் வேகமாகக் கிளிக் செய்ய வேண்டிய கேம் அது, உங்கள் டீமில் இருக்கும் மற்ற நான்கு பேரிடமும் முதலில் சொல்லிவிடுங்கள்.

பழைய ஸ்டீம் கண்ட்ரோலர் ஒன்று விற்பனைக்கு வருகிறது. ரிச்சி தெருவில் இதெல்லாம் கிடைக்குமா, அல்லது தெரிந்தவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது சொல்லி விடலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
*– போரூர் வாசகர்*

ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு பக்கம் கடை கடையாக ஏறி இறங்குகிற பொறுமை இருந்தால் கிடைக்காதது குறைவு, ஆனால் இதை நம்பி அண்ணா சாலை வெயிலில் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. 2019-லேயே தயாரிப்பு நின்றுவிட்ட பொருள் இது. இங்கே கண்ணில் படுவதெல்லாம் யாரோ ஒருவர் முன்பு கொண்டுவந்து, அலுத்துப்போய் விற்பதாகத்தான் இருக்கும். கேட்கிற விலையும் கற்பனைக்குத் தகுந்தபடி இருக்கும்.

கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் முதலில் டாங்கிள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், 2018-ல் வந்த புளூடூத் ஃபர்ம்வேர் (கண்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் கேபிள் போட்டுத்தான் ஆட வேண்டும். பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள், அது வெறும் பேட்டரி மூடி இல்லை, பிடியில் இருக்கும் இரண்டு பட்டன்களும் அந்த மூடிதான், அது உடைந்திருந்தால் இரண்டு பட்டன் போச்சு. உள்ளே பேட்டரி ஒழுகிய வெள்ளைப் பொடியோ பச்சைக் கறையோ தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மேலே இருக்கும் இரண்டு பம்பர் பட்டன்களையும் நிறையத் தடவை அழுத்திப் பாருங்கள், அந்தக் கண்ட்ரோலரில் சீக்கிரம் சோர்ந்துபோகிற பாகம் அதுதான். பேடில் விரலை ஓட்டும்போது தட்டல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

வெளிநாட்டு நண்பர் கொண்டுவருவது நல்ல வழிதான். ரிப்பேர் என்றால் திரும்ப அவர்தான் எடுத்துப்போக வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும், அந்த நட்பு எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அவ்வளவு நல்ல பொருளை ஏன் நிறுத்தினார்கள்? வழக்கில் தோற்றதால்தான் என்று படித்தேன்.
*– அம்பத்தூர் வாசகர்*

தேதிகளைப் பார்த்தால் அது ஒட்டவில்லை. 2019 நவம்பரில் 5 டாலருக்குத் தள்ளிவிட்டு, கடையைச் சாத்திவிட்டார்கள். பின்பக்க பட்டன் காப்புரிமை தொடர்பாக அயர்ன்பர்க் இன்வென்ஷன்ஸ் போட்ட வழக்கில் வால்வ் 40 லட்சம் டாலர் தர வேண்டும் என்று அமெரிக்க ஜூரி சொன்னது 2021 பிப்ரவரியில். வழக்கு அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டது என்பதால் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "தோற்றார்கள், நிறுத்தினார்கள்" என்ற வரிசை தப்பு.

என்னைக் கேட்டால், அது பழகுவதற்கு முன்பே பலரும் தூக்கிப் போட்டுவிடுகிற பொருள், அதுதான் அதன் பிரச்சினை. பெட்டியைப் பிரித்த முதல் மணி நேரத்தில் ஸ்டிக்கை விட மோசமாகத்தான் ஆட வரும். கடையில் ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்தவருக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை. பேட் என்கிற யோசனை மட்டும் சாகவில்லை, 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்கிற வால்வின் கையடக்கக் கணினியில் சதுர வடிவத்தில் இரண்டு பேடுகள் திரும்ப வந்தன. இந்த முறை இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வந்ததால், பேடைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கும் வழி இருந்தது. 2025-ல் அறிவித்த புது கண்ட்ரோலரிலும் அதே அமைப்புதான்: இரண்டு ஸ்டிக், இரண்டு பேட், கைரோ, பின்னால் நான்கு பட்டன்.

வீட்டில் பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலர் சும்மா கிடக்கிறது. அதன் நடுவிலும் ஒரு டச்பேட் இருக்கிறதே, அது போதாதா?
*– முகப்பேர் வாசகர்*

பாதி போதும். வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய காரியத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பில் ஸ்டீமைத் திறந்து, கண்ட்ரோலரைப் புளூடூத்திலோ கேபிளிலோ இணைத்து, அந்தப் பேடை மவுஸாக வைத்துக்கொள்ளுங்கள். கைரோவும் அதில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலரிலும் இதெல்லாம் உண்டு.

என்ன குறை என்றால், பேட் நடுவில் இருக்கிறது. கட்டைவிரல் பட்டனை விட்டு நீண்டு அங்கே போக வேண்டும், ஓட்டமும் பாய்ச்சலுமாக இருக்கும் கேமில் அது முடியாது. விரல் நகரும்போது தட்டுகிற அந்த உணர்வும் அந்தப் பேடில் கிடைக்காது. மெதுவான கேம்களுக்கு, மெனுவில் கிளிக் செய்ய, டி.வி.யில் பிரவுசரைத் திறக்க, இதற்கெல்லாம் தாராளம். கைரோவை இடது ட்ரிகர் பாதி அழுத்தியிருக்கும்போது மட்டும் இயங்கும்படி வைத்து ஒரு ஷூட்டிங் கேம் ஆடிப் பாருங்கள். கைரோ உங்களுக்குப் பிடித்துப்போனால் பேட் கண்ட்ரோலரும் பிடிக்கும். கைரோவே ஒத்துவரவில்லை என்றால் காசு மிச்சம்.

கேம் ஆடும்போது திரையில் 'எக்ஸ் பட்டனை அழுத்து' என்று வருகிறது, அடுத்த நொடி 'ஈ விசையை அழுத்து' என்று மாறுகிறது, பேடில் விரல் வைத்தால் மறுபடி மாறுகிறது. சில கேமில் இதனால் படமே திக்குகிறது. கண்ட்ரோலர் பழுதா?
*– தாம்பரம் வாசகர்*

பழுது இல்லை. உங்கள் கண்ட்ரோலர் ஒரே நேரத்தில் இரண்டு ஆளாக நடிக்கிறது, கேம் குழம்புகிறது. ஸ்டிக்கும் பட்டனும் 'நான் கேம்பேட்' என்கின்றன, வலது பேடும் கைரோவும் 'நான் மவுஸ்' என்கின்றன. கடைசியாக யார் பேசினார்களோ அவர்களுக்குத் தகுந்த மாதிரி படங்களை மாற்றுகிறது கேம். சில கேம்கள் இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும், சில கேம்கள் ஒன்று வந்தால் மற்றதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை, பேடைத் தொட்டதும் நடந்துகொண்டிருந்த ஆள் நின்றுவிடுவான்.

முதலில் கேமின் ஆப்ஷன்களில் பட்டன் படங்களை ஏதாவது ஒன்றில் நிலையாக வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மொத்தமாகக் கீபோர்டு-மவுஸ் ஆக்கிவிடுங்கள்: ஸ்டிக்குக்கு டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள், பட்டன்களுக்கு மற்ற விசைகள், பேடும் கைரோவும் மவுஸ். குழப்பம் தீரும். ஸ்டிக்கைக் கொஞ்சமாகச் சாய்த்தால் மெதுவாக நடப்பது, நிறையச் சாய்த்தால் ஓடுவது என்கிற வசதி போய்விடும், கீபோர்டுக்கு நடுத்தரம் தெரியாது. ஸ்டிக்கின் வெளி விளிம்பைத் தொட்டால் ஷிஃப்ட் விசை அழுந்துகிற மாதிரி வைத்தால் ஓட்டத்தை மட்டுமாவது மீட்கலாம். மூன்றாவதாக, பேடை மவுஸ் மாதிரி நடந்துகொள்ளும் ஜாய்ஸ்டிக்காக வைக்கிற அமைப்பும் ஸ்டீமில் இருக்கிறது. எதற்கும் இறங்காத கேமுக்கு அது, ஆனால் விரலுக்குக் கீழே ஏதோ சேறு மாதிரி இருக்கும், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

எபிக் கடையில் இலவசமாகக் கொடுத்த கேம்களில் என் பட்டன் அமைப்பு எதுவும் வேலை செய்யவில்லையே?
*– ஆவடி வாசகர்*

அந்த அமைப்பெல்லாம் ஸ்டீமுக்குள் வாழ்கிறது. ஸ்டீமில் 'நான்-ஸ்டீம் கேம்' சேர்க்கிற வசதி இருக்கிறது, அதில் அந்தக் கேமைச் சேர்த்து ஸ்டீமிலிருந்தே திறந்து ஆடுங்கள். பெரும்பாலும் ஓடிவிடும். மைக்ரோசாஃப்ட் கேம் பாஸில் வருகிற கேம்கள்தான் அடம்பிடிக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம், கேம் பற்றி இல்லை, என் கணவர் பற்றி. சனிக்கிழமை ஆனால் அந்தக் கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் கேமே ஆரம்பிக்கவில்லை, செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருக்கிறார். இது சாதாரணமா?
*– கே.கே. நகர் வாசகி*

மிகச் சாதாரணம் அம்மா. டிராக்பேட் கண்ட்ரோலர் வைத்திருப்பவர்களில் கணிசமானவர்கள் ஆடுகிற கேமே அந்த செட்டிங்தான்.

இருந்தாலும் அவரிடம் இதைக் காட்டுங்கள். சார், ஒவ்வொரு கேமுக்கும் வேறு ஆட்கள் செய்து பகிர்ந்த அமைப்புகள் ஸ்டீமிலேயே கிடைக்கின்றன. நிறையப் பேர் பயன்படுத்திய ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகக் கேமுக்குள் போங்கள். ஆடும்போது எது உறுத்துகிறதோ அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் திரும்ப ஆடுங்கள். சென்சிட்டிவிட்டி, கைரோ, ஃப்ரிக்‌ஷன் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எதனால் கெட்டது என்றே தெரியாமல் போகும், அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போய்விடும். இடது பேடில் பதினாறு கட்டம் கொண்ட மெனு போட்டு, ஒவ்வொன்றுக்கும் அழகான படம் தேடி ஒட்டிக்கொண்டிருந்தால், அதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நான்கு கட்டத்துக்கு மேல் பார்க்காமல் விரல் கண்டுபிடிக்காது.

ஏப்ரல், மே மாதத்தில் பேட் சரியாக வேலை செய்யவே மாட்டேன் என்கிறது. கர்சர் துள்ளுகிறது, சில சமயம் ஒட்டிக்கொள்கிறது. ஏ.சி. போட்டால் சரியாகிவிடுகிறது. கண்ட்ரோலருக்கும் கத்திரி வெயில் ஒத்துக்கொள்ளாதா?
*– ராயபுரம் வாசகர்*

உங்கள் விரலுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. லேப்டாப், போன் மாதிரியே இந்தப் பேடும் விரல் நெருங்கும்போது மின்தேக்கத்தில் உண்டாகும் மாற்றத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. வியர்வை என்பது உப்புத் தண்ணீர், மின்சாரத்தைக் கடத்தும். பேடில் வியர்வைப் படலம் இருந்தால் விரல் எங்கே முடிகிறது, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் புரியாமல் கர்சர் துள்ளும். ஒட்டுவது வேறு காரணம், ஈரத் தோல் பிளாஸ்டிக்கில் வழுக்காமல் இழுபடுகிறது, அவ்வளவுதான். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் என்பதால் வியர்வை காய்வதும் இல்லை.

பக்கத்தில் ஒரு பழைய பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள், வேட்டித் துணி நன்றாக இருக்கும். மின்விசிறி நேராகக் கை மேல் படுகிற மாதிரி உட்காருங்கள். பவுடர் போட்டுக்கொள்ளாதீர்கள், அது பட்டன் இடுக்கில் போய் வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு தொடுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டில் வலி. செஸ், சீட்டு ஆட்டம், யூடியூப், இவ்வளவுதான் என் உபயோகம். பேரன் இந்தக் கண்ட்ரோலரைச் சொல்கிறான். பயன்படுமா?
*– மயிலாப்பூர் வாசகர்*

பேரன் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார் சார், ஆனால் உங்கள் தேவைக்கு இது அதிகம். கம்பியில்லாத கீபோர்டிலேயே ஓரத்தில் டச்பேட் வைத்து வருகிறது, விலையும் குறைவு, மடியில் வைத்துக்கொண்டு இடது கையாலும் இயக்கலாம், பழக எதுவும் இல்லை. சின்னதாக ஒரு டிராக்பால் மவுஸும் நல்ல யோசனை, அது மேசையில் அப்படியே இருக்கும், மணிக்கட்டு நகர வேண்டாம்.

ஸ்டீம் கண்ட்ரோலரை ஸ்டீம் இல்லாமல் செருகினாலும் வலது பேட் கர்சராகவும் ட்ரிகர்கள் கிளிக்காகவும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கட்டைவிரலுக்கு முழு நேர வேலை கொடுத்தால், அதன் தசைநாரும் அதே மணிக்கட்டு வழியாகத்தான் போகிறது. வலியை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சாதனம் அப்புறம். பேரன் வாங்கி வைத்திருந்தால் எடுத்து ஆடிப் பாருங்கள், அதில் தப்பில்லை. செஸ் மெதுவான கேம்தானே.

ஸ்டீம் டெக் வாங்கலாமா, அல்லது இங்கே கடையில் கிடைக்கிற மற்ற கையடக்கக் கணினிகளில் ஒன்றை வாங்கலாமா? எனக்கு டிராக்பேட் முக்கியம்.
*– அடையாறு வாசகர்*

டிராக்பேட் முக்கியம் என்றால் தேர்வு மிகவும் சுருங்கிவிடும். ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை, இங்கே வருவதெல்லாம் யாராவது இறக்குமதி செய்ததுதான், விலை ஏறியிருக்கும், பழுதானால் பொறுப்பேற்க இங்கே ஆள் இல்லை. ஆசுஸின் 'ராக் ஆலை' (ROG Ally) வகைகளில் டிராக்பேடே கிடையாது. லெனோவா 2023-ல் கொண்டுவந்த லீஜன் கோவில் வலது பக்கம் ஒரு சின்ன பேட் இருக்கிறது, விண்டோஸ் கர்சரை நகர்த்த அது போதும், கேம் முழுக்க அதில் ஆடுவதற்கு மிகச் சின்னது.

மேசைக் கணினியோ லேப்டாப்போ ஏற்கெனவே இருக்கிறது என்றால் கையடக்கக் கணினிக்கு அவசரப்பட வேண்டாம். சென்னை மெட்ரோவில் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை தினம் போய்வருகிற ஆள் என்றால் வேறு கணக்கு.

கடைசியாக ஒன்று: பழைய ஸ்டீம் கண்ட்ரோலர் கிடைத்துவிட்டது! இரண்டு பென்சில் பேட்டரி கேட்கிறது. எது போடலாம்? ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட் என்கிறதே, போதுமா?
*– வில்லிவாக்கம் வாசகர்*

வாழ்த்துகள். போதும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி, ஏ.ஏ. அளவு, ஒரு பிடிக்கு ஒன்றாக இரண்டு. 1.2 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சார்ஜ் தீரும்வரை ஏறத்தாழ அதே வோல்ட்டில் நிற்கும், சாதாரண பேட்டரிதான் 1.5-ல் தொடங்கிச் சரிந்துகொண்டே வரும். நான்கு வாங்கி இரண்டை எப்போதும் சார்ஜரில் வைத்திருங்கள். ஒரு மாதம் ஆடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், முக்கியமாக அது ரீசார்ஜ் வகை இல்லாவிட்டால். ஒழுகிய பேட்டரியால் வீணாகும் கண்ட்ரோலருக்கு இப்போது மாற்றுப் பாகம் தேடுவது பெரும்பாடு.